பதினாலாம் எண் மரம்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, இரவு 9.40

மொத்தம் 23. மரம் 14, செடியும் கொடியும் 9. எனக்குப் பெயர் தெரிந்தவை ஐந்து: வேம்பு, தென்னை, முருங்கை, கொய்யா, செம்பருத்தி. மீதிப் பதினெட்டும் யாரென்றே தெரியவில்லை.

இது பொழுதுபோக்கு இல்லை. அம்மாவுக்கு வீசிங். டிசம்பரில் தொடங்கியது, இன்னும் விடவில்லை. நேற்று டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். வீட்டில் யாராவது புகை பிடிப்பீர்களா? விறகடுப்பு உண்டா? வீட்டைச் சுற்றி என்னென்ன மரம் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் இல்லை என்றேன். மூன்றாவதற்கு, "பச்சையா கொஞ்சம் நிக்குது சார்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகரந்தமாக இருக்கலாம், கவனியுங்கள் என்று சொல்லி, இழுப்பதற்கு ஒரு பம்பும் ஊதுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்தார். காலையும் இரவும் ஊத வேண்டும். முள் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு நல்லது.

பாய்லர் குழாய்களின் வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று வெட்டாமல் பார்த்துச் சொல்வது என் வேலை. காரணம் இல்லாமல் ஒரு குறையும் வராது. பெரம்பலூரில் இருந்தவரை அம்மாவுக்கு இளைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. நவம்பரில் இந்தத் திருவெறும்பூர் வீட்டுக்குக் கூட்டி வந்தேன், அடுத்த மாதம் வந்துவிட்டது. ஆகவே காரணம் இங்கே நிற்கிறது. இந்த 23 பேரில் ஒருவன்.

வெல்டிங்கில் குறி போடும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் எல்லாவற்றுக்கும் எண் போட்டேன். பக்கத்து வீட்டு டெய்சி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் தம்பி, அதுங்களுக்கெல்லாம் ஆதார் கார்டு குடுக்கப் போறீங்களாக்கும்?" அம்மா சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது.

மாலை 6.30 சாம்பிராணி. அம்மா இரவு ஊதியது 230.

பிப்ரவரி 10, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்ததும், செடி பெயர் சொல்லும் செயலியில் படம் எடுத்துப் போட்டேன். 3 புங்கை. 6 பூவரசு. 7, 8 இரண்டும் புங்கை. 17 நந்தியாவட்டை. வேகமாகத்தான் போகிறது. கொல்லையில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் 14 மட்டும் மாட்டேன் என்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை. முதல் படத்துக்கு வில்வம் என்றது. கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் ரப்பர் என்கிறது. திருச்சியில் ஏது ரப்பர்?

பிப்ரவரி 13, வியாழன்

காலை 270, இரவு 220. நான்கு நாளாக இதே கதைதான். காலையில் நன்றாக ஊதுகிறாள், ராத்திரி விழுந்துவிடுகிறது. பகலில் ஏதோ நடக்கிறது.

இன்று மதியம் அரை நாள் விடுப்பு. கையும் களவுமாகப் பார்த்துவிட்டேன். அம்மாவும் டெய்சி அக்காவும் 14-க்குக் கீழே பாய் போட்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். தினமும் மூன்று மணிக்கு அங்கேதானாம். மூன்று மாதமாக! எனக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே உட்கார வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "நிழல் இருக்குடா" என்றாள். வேறு எங்கும் நிழல் இல்லையா என்றேன். கொய்யா நிழலில் உட்கார்ந்தால் கட்டெறும்பு கடிக்கிறதாம்.

6.30 சாம்பிராணி போடும்போது அம்மா சொன்னாள், "அப்படியே உங்கப்பா மாதிரி கன்னத்த உப்பிக்கிட்டு ஊதுற." அப்பா கரி போட்டு ஊதுவார், வெள்ளிக்கிழமை மட்டும், வாசலில் வைத்து. நான் கடையில் விற்கும் கப் சாம்பிராணி. கொளுத்தி, அணைத்து, இரண்டு ஊது ஊதினால் போதும். தினமும் போடுகிறேன். கொசுவுக்கும் நல்லது.

பிப்ரவரி 16, ஞாயிறு

எதிர்வீட்டு வைத்தியநாதன் சார், ஓய்வு பெற்ற தபால்காரர், திங்கள்தோறும் சிவபூஜைக்கு 14-இல் இலை பறிக்க வருகிறவர். இன்று சும்மா பேச வந்தவரிடம் கேட்டேன், இது வில்வம்தான் என்று எப்படித் தெரியும் என்று. மூன்று இலை இருக்கிறதே என்றார். வில்வத்தில் முள் இருக்கும், இதில் இல்லை, கசக்கினால் வில்வத்துக்கு வாசம் இருக்கும், இதற்குப் பச்சை நாற்றம்தான், ஆகவே இது வில்வம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நான் கசக்கிய இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு வருஷமா போட்டுக்கிட்டு இருக்கேன். சிவன் வாங்கிக்கிட்டாரு. உனக்கு என்னப்பா கஷ்டம்?"

அவர் போனதும் அம்மா என் காபியை டொக்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் ஏன் கோபம் வருகிறது என்று புரியவில்லை.

பிப்ரவரி 17

வைத்தியநாதன் சார் வந்தார். அதே மரத்தில் அதே இலையைப் பறித்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 21, வெள்ளி

மோசமான நாள். ஏழரைக்கு அம்மாவுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. பேச முடியவில்லை, கையை மட்டும் காட்டினாள். கிளினிக்கில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். இருபது நிமிடம். வண்டியில் திரும்பும்போது என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டே வந்தாள். எப்போதும் சீட்டுக் கம்பியைத்தான் பிடிப்பாள்.

பிப்ரவரி 22, சனி

தீர்வு: எல்லா ஜன்னலுக்கும் இரண்டடுக்கு வலை, ஓரமெல்லாம் அகல டேப். பின்கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை. காலை எட்டிலிருந்து இரண்டு மணிவரை வேலை. இனி வெளியிலிருந்து ஒரு தூசி உள்ளே வர வழியில்லை. டெய்சி அக்கா பார்த்துவிட்டு, "உள்ளேருந்து ஒண்ணு வெளிய போவணும்னா என்ன தம்பி பண்ணும்?" என்றார். பேச்சுக்குப் பேச்சு சொல்ல அவருக்கு ஈடு இல்லை.

6.30 சாம்பிராணி. வீடு அடைத்திருப்பதால் வாசனை நன்றாக நிற்கிறது. அப்பாவின் படத்துக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய கண்டக்டர் விசில் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்து அம்மாவிடம் சொன்னேன். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் டியூஷன் முடிந்து துறையூர் பஸ்ஸில் ஏறினால் அப்பாவின் வண்டி. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "எங்க போவணும், சில்லறையா குடு" என்றார். எல்லாரையும் போல எனக்கும் டிக்கெட் கிழித்தார். அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாதாம். அப்புறம் என்ன செய்தார் என்று கேட்டாள். அதற்குள் போன் வந்துவிட்டது.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. வைத்தியநாதன் சார் கூடையோடு வந்தார். 14-இல் இலை பாதிகூட இல்லை, கொட்டுகிறது. அம்மா எட்டிய கிளையை வளைத்துப் பிடித்துக்கொடுத்தாள்.

இரவு 190.

மார்ச் 2, ஞாயிறு

22 பெயர் தெரிந்துவிட்டது. ஒன்றுக்கு நொச்சி, ஒன்றுக்கு நுணா, வேலியோரத்தில் படர்ந்திருப்பது உத்தாமணி. தென்னையைச் சுற்றி ஏதோ கொடி என்று நினைத்தது கோவை. இப்போதெல்லாம் வேலைக்குப் போகிற வழியில் பார்ப்பதற்கெல்லாம் பெயர் வாயில் வந்து நிற்கிறது. அது ஒரு தொல்லை.

14 மட்டும்தான் பாக்கி. முழு மொட்டையாக நிற்கிறது. இலை இல்லாத மரத்தைச் செயலி மரம் என்றுகூட ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிளை நுனியிலெல்லாம் மொட்டு கட்டுகிறது. டேப் ஒட்டியும் அம்மாவுக்குக் குறையவில்லை, கூடியிருக்கிறது. இந்தச் சமயத்தில் மொட்டு விடுகிறவன் இவன் ஒருவன்தான். பெயர் தெரியாவிட்டால் என்ன, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

வீட்டு ஓனர் குவைத்தில். போனில் கேட்டேன். வெட்டிக்கோங்க என்றார். மரம் வெட்டும் ஆள் 16-ஆம் தேதி ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். காயவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "சரி தம்பி" என்றாள். டெய்சி அக்கா அப்படி விடவில்லை. "உங்கம்மாவுக்கு இந்த ஊர்ல இருக்கிறது நானும் அந்த மரமும்தான், ரெண்டுல ஒண்ண வெட்டப் போறீங்க, நான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்துக்கிறேன்" என்றார். மூச்சா நிழலா என்றால் மூச்சுதான்.

மார்ச் 6, வியாழன்

படித்தது: கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாகப் பூக்கும் மரங்களின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. வண்டும் பட்டாம்பூச்சியும்தான் தூக்கிப் போக வேண்டும். காற்றில் பறக்காது. கண்ணுக்கும் மூக்குக்கும் வராது.

14 எப்படிப் பூக்கும் என்று தெரியாது. ஆகவே முடிவில் மாற்றம் இல்லை.

6.30 சாம்பிராணி. அப்பா ஒரு ரூபாய்ச் சில்லறை பாக்கிக்கு ஒரு பெண்மணியைத் தேடிக்கொண்டு ஊருக்குள் போன கதையை அம்மா சொன்னாள். அது எனக்குத் தெரியாது.

இரவு 180.

மார்ச் 10, திங்கள்

நாளை முதல் மூன்று நாள் மேட்டூர். அங்கே ஒரு பாய்லரில் வேலை. பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: கொல்லைக்குப் போகாதே, ஜன்னலைத் திறக்காதே, இரண்டு வேளை ஊது, ராத்திரி டெய்சி அக்கா துணைக்கு வருவார். அம்மா கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "சாப்பிடலாமா கூடாதான்னு போடலியே" என்றாள்.

மார்ச் 12, புதன், மேட்டூர்

போனில் அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் பேசினாள். ஊதியது எவ்வளவு என்றேன். 310 என்றாள். தப்பாகப் பார்த்திருப்பாள்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று வேலை இழுத்துவிட்டது. ராத்திரி லாட்ஜிலேயே தங்கி, காலை பஸ் பிடித்துப் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தேன்.

கொல்லையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 14 முழுக்கப் பூத்திருக்கிறது. இலை இப்போதுதான் துளிர்க்கிறது, ஆனால் கிளை தெரியாத அளவுக்குப் பூ. புதிதாய்ப் பூத்தது வெள்ளை, நேற்றையது வெளிர்மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் நீளநீளமாகப் பூனை மீசை மாதிரி. பட்டாம்பூச்சி எண்ண முடியவில்லை, விட்டுவிட்டேன். அதற்குக் கீழே அம்மா பாய் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையிலெல்லாம் இதழ்.

இளைப்பு இல்லை.

ஊதச் சொன்னேன். என் கண் முன்னால் ஊதினாள். 330. மறுபடி ஊதச் சொன்னேன். 340. குழாயில் கோளாறா என்று நானும் ஊதிப் பார்த்தேன். குழாய் சரியாகத்தான் இருக்கிறது.

உட்கார்ந்து யோசித்தேன். மரம் பூத்துக் குலுங்குகிறது, ஜன்னல் டேப்பைக் கத்தியால் ஒழுங்காகக் கீறித் திறந்திருக்கிறாள், மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கூடாது என்று எழுதி ஒட்டிய எல்லாவற்றையும் செய்திருக்கிறாள், மூச்சு நன்றாக இருக்கிறது. செவ்வாய் முதல் இந்த வீட்டில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: நான்.

நான் மட்டுமா என்று எழுதி வைத்துவிட்டு, பதில் வராமல் மதியம் தூங்கிப் போனேன்.

எழுந்தபோது ஆறு இருபது. அம்மா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து பம்பை எடுத்து, குலுக்கி, ஒரு இழுப்பு இழுத்து, மூச்சைப் பிடித்து நின்றாள். பம்பை மறுபடி புடவைகளுக்குப் பின்னால் வைத்தாள். மணையை எடுத்து அப்பா படத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, எனக்காகக் காத்திருந்தாள். கப் சாம்பிராணி டப்பா பக்கத்தில் இருந்தது. ஏழு கப். நான் ஊருக்குப் போகும்போதும் ஏழுதான்.

"எதுக்கு இப்ப பம்பு? இளைப்பு இல்லையே?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது பம்பு இழுப்பாங்களாம்மா?"

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீப்பெட்டியைக் கீழே வைத்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீ டேப் ஒட்டினதுலேருந்து. அதுக்கு முன்னாடி தாங்கிக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"டாக்டர் கேட்டாருல்ல, அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"பீடி சிகரெட்டத்தான கேட்டாரு. சாமிக்குப் போடறதப் போயி அவர்கிட்ட எப்படிடா சொல்றது?"

நானும் இல்லை என்றுதான் சொன்னேன் அன்றைக்கு. எனக்கும் அது புகை என்று தோன்றவே இல்லை. தினமும் என் கையால்தான் போட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம், மூச்சு விஷயம் இது, விளையாட்டா என்று கத்தினேன். அவள் நான் முடிக்கும்வரை இருந்தாள்.

"சொன்னா நிறுத்திடுவ."

"நிறுத்தத்தான் செய்வேன்!"

"நிறுத்திட்டா, வந்ததும் செல்ல எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவ. அவரு போயி ஒரு வருசம் நீ அப்பாங்கிற சொல்ல வாயில எடுக்கலடா. நான் பெரம்பலூர்ல தனியா பேசிக்கிட்டுக் கெடந்தேன். இங்க வந்து இந்தக் கப்ப ஊத ஆரம்பிச்சப்புறம்தான் பஸ்ஸு, விசிலுன்னு ஒண்ணு ஒண்ணா வருது உனக்கு. பத்து நிமிசம். அதுக்கு ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டா என்ன இப்போ."

மரத்தை வெட்ட ஆள் சொன்னேனே, அதற்கும் சரி என்றாயே என்று கேட்டேன்.

"மரம் தழைச்சுக்கும்டா" என்றாள்.

டப்பாவை மூடினேன். ஜன்னல்களைத் திறந்து மீதி டேப்பைப் பிரித்தேன். சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது.

மார்ச் 15, சனி

14-இன் பூவைப் படம் எடுத்து, செடிகொடி பார்ப்பவர்களின் குழு ஒன்றில் போட்டேன். நான்கு நிமிடத்தில் பதில்: மாவிலங்கம். மூன்று இலை இருப்பதால் நிறையப் பேர் வில்வம் என்று நினைத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். இத்தனை நாள் தேடியதற்கு நான்கு நிமிடம். பூக்கும்வரை பொறுத்திருந்தால் போதும் போலிருக்கிறது.

அம்மாவிடம் பெயரைச் சொன்னேன். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இருக்கட்டும். எனக்கு அது பதினாலுதான்" என்றாள். டெய்சி அக்காவும் அவளும் அப்படித்தான் சொல்கிறார்களாம். பதினாலுக்கு வா, பதினாலில் இருக்கேன்.

மார்ச் 16, ஞாயிறு, மாலை 7.10

மொத்தம் 23. பெயர் தெரிந்தவை 23. வெட்டியது 0. அம்மா ஊதியது 345.

6.30-க்கு அப்பாவின் படத்தை உள்ளேயே விட்டுவிட்டு விசிலை மட்டும் எடுத்துக்கொண்டு 14-க்குக் கீழே போய் உட்கார்ந்தோம். கையில் ஊதுவதற்கு ஒன்றும் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அம்மா அவசரப்படவில்லை. மடியில் விழுந்த பூக்களை வெள்ளை தனியாக, மஞ்சள் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே கேட்டாள், "துறையூர் பஸ்ல டிக்கெட் குடுத்தாரே, அப்புறம் என்ன பண்ணாரு?"

சொல்ல ஆரம்பித்தேன். இறங்கும் இடம்வரை வந்துவிட்டேன். அதற்குமேல் முடியவில்லை, கண் எரிந்தது. மகரந்தமாக இருக்கும். அம்மா முந்தானையை நீட்டினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் டெய்சி அக்கா குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார், தேவையே இல்லாமல், நல்ல சத்தமாக.

இனிச் செய்ய வேண்டியவை:

1. மரம் வெட்டும் ஆளுக்குக் காலையிலேயே வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஓனருக்கும் சொல்ல வேண்டும்.

2. ஜன்னல் ஓரமெல்லாம் டேப் பிசின். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு.

3. டாக்டரிடம் போய், வீட்டில் புகை இருந்தது, போட்டது நான் என்று சொல்ல வேண்டும். அம்மா சொல்ல மாட்டாள்.

4. மீதி ஏழு கப். குப்பையில் போட அம்மா விடமாட்டாள். வைத்தியநாதன் சாரிடம் கொடுக்கலாம். வாசலில் வைத்துப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். இலையைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது.

5. 14-இல் மஞ்சள் பெயிண்ட் மங்குகிறது. பெயரை எழுத வேண்டாம். எண்ணையே மேலே ஒருமுறை எழுத வேண்டும்.

6. பின்கதவு ரப்பர் பட்டையைக் கழற்றி, அங்கே ஒரு படி வைக்க வேண்டும். அம்மா பாயோடு இறங்கும்போது தடுமாறுகிறாள்.

7. நாளை 6.30, மீதிக் கதை: நான் இறங்கி, ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அப்பா விசில் அடிக்கவில்லை. பஸ் முழுக்க ஆட்கள் கத்தினார்கள். வண்டி அப்படியே நின்றது.